2,500 வெள்ளிக்கு முதல் கணினி: காசை எந்தப் பாகத்தில் போடுவது?

சிங்கப்பூர் செங்காங்கில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வார நாள்களில் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுத்து, தானே எடிட் செய்து கொடுக்கிறார். இரவில் நேரம் கிடைத்தால் கேம். இதுவரை எல்லாவற்றையும் ஒரு மடிக்கணினியில் ஓட்டிவிட்டார். இப்போது பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டி ஒரு மேசைக் கணினி கட்ட ஆசை. கையில் 2,500 வெள்ளி. 1440பி மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ஆளுக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள், எதை நம்புவது என்பது அவர் கேள்வி.

தம்பி, பட்டியலை அப்புறம் பார்ப்போம். முதலில், இப்போதுள்ள மடிக்கணினி உங்களை எங்கே காக்க வைக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வழக்கமான வேலையைச் செய்யும்போது, எந்தப் பாகம் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமை கம்பைல் செய்யும்போது சிபியு (மையச் செயலி) 100 விழுக்காட்டில் நிற்கிறதா? பிரவுசரும் எடிட்டரும் சேர்ந்து திறந்தால் மெமரி நிரம்பி வழிகிறதா? வீடியோவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது படம் திக்குகிறது, ஆனால் சிபியு, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இரண்டும் பாதிகூட ஓடவில்லை என்றால் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு அசையவே இல்லையென்றால், உங்கள் கேமரா எழுதும் ஃபைலை அந்த மடிக்கணினியின் சிப் தானாகப் பிரிக்கத் தெரியாமல் விழிக்கிறது என்று அர்த்தம். உங்களைக் காக்க வைக்கும் இடத்துக்குத்தான் காசு போக வேண்டும். மற்றவர்களின் பட்டியல் அவர்கள் காத்திருந்த இடத்தைப் பார்த்துப் போட்டது.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி கேமராவைப் பற்றியது. இன்றைய கேமராக்கள் பலவற்றில் 4:2:2 10-பிட் என்ற முறையில் பதிவு செய்யலாம். நிறத் தகவல் கூடுதலாகப் பதிவாகும். கோயில் மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த கூறைப்புடவையின் சிவப்பையும், தோலின் நிறத்தையும் பின்னால் சரிசெய்ய அது பெரிய உதவி. ஆனால் அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டுவது கணினிக்குச் சுமை. அதற்கென்று தனிச் சுற்று உள்ள சிப் வேண்டும். என்விடியா இதைத் தன் கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய 40 வரிசையில், 4090 உட்பட, கிடையாது. இன்டெல் சிபியுவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பல ஆண்டுகளாகவே எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான 4:2:2-ஐப் பிரித்துவிடும். ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளில் இந்த வசதி இல்லை. கேம் மட்டும் என்றால் 16 ஜிபி கொண்ட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியைத்தான் கொடுத்த காசுக்கு நல்ல கார்டு என்று சொல்லியிருப்பேன். எடிட்டிங்கில் சம்பாதிக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அல்லது 5070. மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகும், சற்றுக் கூடினாலும் தவறில்லை. 5060 டிஐ, கார்டிலேயே உள்ள மெமரியைப் பொறுத்து இரண்டு வகையாக வருகிறது: 8 ஜிபி, 16 ஜிபி. பெட்டியின் முகப்பில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஓரத்தில் சிறிதாக எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். 8 ஜிபி வேண்டவே வேண்டாம். புதிய கேம்கள் பல 1440பியில் அதைத் தாண்டிக் கேட்கின்றன. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடலாம். 5070-இல் 12 ஜிபிதான், ஆனால் கேமில் அது தெளிவாகவே வேகம். இரண்டில் எது என்று கேட்டால், எடிட்டிங் அதிகம் என்றால் 16 ஜிபி 5060 டிஐ, இரவுக் கேம்தான் முக்கியம் என்றால் 5070. 1440பி திரையில் ஏறத்தாழ 37 லட்சம் புள்ளிகள். 4கேயில் 83 லட்சம். உங்களிடம் இருப்பது 1440பி என்பதால் இந்த இரண்டு கார்டுக்கு மேல் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

சிபியுவுக்கு வருவோம். இங்கேதான் நம் ஊர் வெயிலைப் பேச வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஏர்கான் போடாத நம் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறை பிற்பகலில் 30, 31 டிகிரியில் இருக்கும். காற்றை வைத்துத்தான் கூலர் வேலை செய்கிறது, உள்ளே போகும் காற்று 9 டிகிரி சூடாக இருந்தால் சிபியுவும் அதே அளவு கூடுதல் சூட்டில்தான் நிற்கும். அவர்கள் 78 என்று காட்டும் இடத்தில் உங்களுக்கு 87. அதனால் இங்கே சிபியு வாங்கும்போது வேகத்தோடு வாட் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே 20 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்டது, எடிட்டிங்குக்கு மிக நல்ல சிப். ஆனால் முழுச் சுமையில் 250 வாட் வரை இழுக்கும். ஏஎம்டி ரைசன் 7 9700எக்ஸ் 8 கோர், 16 திரெட். அதன் டிடிபி, அதாவது நிறுவனம் குறிக்கும் சூட்டு அளவு, 65 வாட், முழுச் சுமையிலும் 90 வாட்டுக்குள் அடங்கும். நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றே அதற்குப் போதும், தண்ணீர்க் குழாய் கூலர் தேவையில்லை. 4:2:2 வேலையை 50 வரிசைக் கார்டு பார்த்துக்கொள்வதால் இன்டெல்லின் பெரிய அனுகூலம் உங்களுக்கு அவசியமில்லாமல் போகிறது. என் தேர்வு 9700எக்ஸ். காசு இடித்தால் 6 கோர் கொண்ட 7600-உம் கெட்டுப்போகாத தேர்வுதான். கேம் ஆட்கள் எல்லாரும் 9800எக்ஸ்3டி என்பார்கள். 96 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) உள்ள அந்தச் சிப் கேமுக்கு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் 1440பியில் 5060 டிஐ போன்ற கார்டோடு ஓடும்போது பெரும்பாலான கேம்களில் கார்டுதான் மூச்சு வாங்கும், சிபியு அதற்காகக் காத்திருக்கும். அந்தக் கூடுதல் காசு கார்டுக்குப் போகட்டும்.

9700எக்ஸ் போர்டில் உட்காரும் இடமான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2022-இல் வந்த அதை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து சிபியுவை மட்டும் கழற்றி மாற்ற வாய்ப்பிருக்கிறது.

பழைய இன்டெல் சிப் குறித்து ஒரு எச்சரிக்கை. பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல, கூடுதல் வோல்டேஜால் உள்ளுக்குள் தேய்ந்து நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்கான மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை எந்தத் திருத்தமும் மீட்காது. முந்தையவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாத சிப்பை வேலைக்கு நம்ப வேண்டாம்.

ராம் பற்றிப் பேசவே மனம் கனக்கிறது. 2025 பின்பாதியிலிருந்து விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் மெமரியை மொத்தமாக அள்ளுகின்றன. சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் லாபம் கூடிய அந்தப் பக்கம் உற்பத்தியைத் திருப்பிவிட்டன. முன்பு 64 ஜிபி போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இப்போது 32 ஜிபியில் நில்லுங்கள். 16 ஜிபி குச்சிகள் இரண்டு, டிடிஆர்5 வகை, 6000 வேகம். சிஎல் என்பது தாமத அளவு, எண் குறைந்தால் நல்லது. சிஎல்30 கிடைத்தால் நல்லது, சிஎல்36 மலிவாக இருந்தால் அதையே எடுங்கள், வேலையில் வித்தியாசம் தெரியாது. வண்ண விளக்கு எரியும் குச்சிக்குக் கூடுதலாகத் தராதீர்கள். பின்னால் இன்னும் இரண்டு குச்சி செருகிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஏஎம்5-இல் நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் விற்றுவிட்டுப் பெரிய இரண்டாக வாங்குவதுதான் வழி.

சேமிப்புக்கு உங்கள் கல்யாணக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, முகூர்த்தமும் இரவு விருந்துமாகச் சேர்த்து ஐந்து மணி நேரம் என்றால் 450 ஜிபி. ஒரே கல்யாணம்! அதனால் விண்டோசுக்கும் கேமுக்கும் 1 டிபி எஸ்எஸ்டி, எடிட்டிங்குக்குத் தனியாக 2 டிபி எஸ்எஸ்டி. இரண்டும் போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகை, நான்காம் தலைமுறை போதும். விநாடிக்கு 14,000 எம்பி என்று விளம்பரம் செய்யும் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி நம் ஊரில் இன்னும் சூடாகும், உங்கள் வேலையில் அந்த வேகம் வீண். காசு மிச்சமிருந்தால் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. வாடிக்கையாளர் கையில் வீடியோ போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஃபைலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

மதர்போர்டில் பலர் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள். பி650 அல்லது பி850 போர்டு, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் குறைந்தது இரண்டு, வைஃபை, பின்புறம் போதுமான யூஎஸ்பி. அவ்வளவுதான். பழைய பி650 போர்டாக இருந்தால், 9700எக்ஸ் போன்ற 9000 வரிசைச் சிபியுவை ஏற்கும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அதில் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். சிபியு இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டு கிடைத்தால் அந்தக் கவலையே இல்லை.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, தம்பி. மற்ற எல்லாப் பாகத்துக்கும் இரத்தம் பாய்ச்சும் இதயம் அதுதான். கெட்டுப்போனால் தனியாகச் சாகாது, போகிற போக்கில் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம். 750 வாட், 80 பிளஸ் கோல்டு (மின் சிக்கனத் தரம்), ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளைக்கான புதிய தரநிலை) என்று எழுதியது, பத்தாண்டு உத்தரவாதம் உள்ளதாகப் பாருங்கள். 5070-க்கு 650 வாட்டே போதும் என்று என்விடியா சொல்கிறது. ஆனால் அடுத்த கார்டும் இதிலேயே ஓட வேண்டுமே. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது: அந்தப் பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகாதீர்கள். கணினிப் பக்கம் செருகும் முனை ஒன்றுபோல இருக்கும், பவர் சப்ளைப் பக்கத்துக் கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல்கூட மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போனால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும், உள்ளே இருக்கும் கல்யாணமும் சேர்ந்து.

கேஸ் வாங்கும்போது முன்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியால் அடைத்த முகப்பு அழகாகத்தான் இருக்கும், நமக்கு அது ஆகாது. முன்பக்கம் முழுக்க வலை, உள்ளே இழுக்கும் மின்விசிறி இரண்டு அல்லது மூன்று, பின்னால் தள்ளுவது ஒன்று. அடியிலும் முன்னாலும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்க வேண்டும். சாலையோரமாகச் சன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் ஒரு மாதத்திலேயே அது சாம்பல் நிறமாகிவிடும். கூலரின் உயரமும் கார்டின் நீளமும் கேசுக்குள் அடங்குமா என்று மில்லிமீட்டர் கணக்கில் சரிபாருங்கள். மேசைக்குள் இருக்கும் அறையில் தள்ளி வைத்துவிட்டால் இதெல்லாம் வீண். விட்ட சூட்டையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரக் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். கேம் ஓடும்போது 350 வாட் என்று வையுங்கள். நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் 1.4 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று போட்டால் நாளுக்கு 42 காசு, மாதம் 13 வெள்ளிக்குள். அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கான் போடுவீர்களே, உண்மைச் செலவு அங்கேதான்.

சரி, எங்கே வாங்குவது? கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள் என்பேன். ரோச்சோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான், தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். 2014-இல் அங்கே ஒரு கைப்பேசிக் கடை செய்த ஏமாற்று வேலையால் அந்த இடத்தின் பெயரே கெட்டது. அந்தப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. மேல்மாடிகளில் உள்ள பாகக் கடைகளின் கதை வேறு. ஒவ்வொரு பாகத்தின் விலையும் தனித்தனியாக எழுதித் தருவார்கள். இரண்டு மூன்று கடையில் எழுதி வாங்கி, ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுக்கிறேன் என்று சொன்னால் விலை கொஞ்சம் இறங்கும். சொல்லும் விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறதா, அட்டையில் கட்டினால் கூடுதலாக எடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தால் இரண்டு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கும் குறைந்த இறக்குமதிப் பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் போனாலும் உண்டு. அதோடு, பழுதானால் அங்கே அனுப்ப வேண்டியிருக்கும், வேலை நிற்கும். இங்கே வாங்கினால் பெட்டியில் உள்ளூர் விநியோகிப்பாளரின் ஸ்டிக்கர் இருக்கும், அவர்கள் அலுவலகத்துக்கே எடுத்துப்போய்க் கொடுக்கலாம். எஸ்எஸ்டி, கேஸ் இவற்றை எங்கே வாங்கினாலும் பரவாயில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, பவர் சப்ளை மூன்றும் உள்ளூர் உத்தரவாதத்தோடு இருக்கட்டும். ரசீதையும் பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள்.

பூட்டும்போது பயப்பட ஒரே இடம் சாக்கெட். ஏஎம்5-இல் ஊசிகள் சிபியுவில் இல்லை, போர்டில் இருக்கின்றன, முடிபோல மெல்லிசு. சிபியுவின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, மேலிருந்து நேராக வைத்து விடுங்கள். அழுத்த வேண்டாம், நகர்த்த வேண்டாம். மேல் தகட்டைக் கவிழ்த்து நெம்புகோலை இறக்கும்போது கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும், கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை உத்தரவாதத்துக்குக் கொடுக்கும்போது அந்த மூடி இல்லாமல் வாங்கமாட்டார்கள். ராம் குச்சிகளைச் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் செருகுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். கார்டுக்கு 16 ஊசிச் செருகி வந்தால் இடைவெளி துளியும் தெரியாதபடி கடைசிவரை தள்ளுங்கள், செருகியை ஒட்டிய இடத்தில் கம்பியை மடிக்காதீர்கள். 4090 கார்டுகளில் உருகிய செருகிகள் பலவும் சரியாக உட்காராதவைதான்.

மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். பதறி அணைத்துவிடாதீர்கள். டிடிஆர்5 முதல்முறை தன்னைத்தானே சரிசெய்துகொள்ள சில நிமிடம் எடுக்கும். படம் வந்ததும் பயாசுக்குள் போய் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் 6000 என்று வாங்கிய ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-ஐயே ஏற்றுங்கள், 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மானிட்டரின் ஹெர்ட்ஸையும் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும் என்ற எண்) அமைப்புகளில் போய் நீங்களே கூட்ட வேண்டும், பல நேரம் 60-இலேயே நின்றிருக்கும்.

அதன்பின் முதல் வாரத்திலேயே கணினியைப் பிழிந்து எடுங்கள். பழைய கல்யாணம் ஒன்றை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பிற்பகல் வெயிலில், ஏர்கான் போடாமல். அடுத்து மூன்று மணி நேரம் கனமான கேம் ஒன்று ஓடட்டும். ராமுக்கு ஓர் இரவு மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். பழுதான பாகம் பெரும்பாலும் இந்த நாள்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பல கடைகள் முதல் சில நாளுக்குள் கொண்டுவந்தால் கையோடு புதிது மாற்றித் தருகின்றன, அதைத் தாண்டினால் விநியோகிப்பாளரிடம் வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாண ஆர்டரை அந்தத் தேதிக்குப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.